பதினொரு நாள் சூளை

போன வெள்ளிக்கிழமை, கம்பெனி வாசலில் தபால்காரர் என்னிடம் ஒரு கவரை நீட்டினார். பாண்டிச்சேரி முத்திரை. வாங்கினேன், ஆனால் அங்கேயே பிரிக்கவில்லை... ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதமாக வெளிக்குப் போகும்போதெல்லாம் ரத்தம். மூலம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூலத்துக்கு டாக்டர் எதற்கு? கருணைக்கிழங்கு போதாதா? என் மனைவி சரோஜா மசியல், வறுவல், குழம்பு என்று ஒன்று பாக்கி வைக்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை.

கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போனோம். முனையில் குட்டி பல்பு எரியும் நீளமான குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார் டாக்டர். (எந்த வழியாக என்று கேட்காதீர்கள் — இது குடும்பப் பத்திரிகை.) குடலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை வளர்ச்சி. பெயர் பாலிப்பாம். அதை எடுத்து ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார். நாற்பத்தாறு வருஷமாக என் உடம்பு, என் உடம்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்குள்ளே இப்படி ஒன்று எனக்குச் சொல்லாமலே வளர்ந்திருக்கிறது! பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பிரமிப்பு.

புற்றுநோயா என்று கேட்டேன். "தெரியாது" என்றார் டாக்டர். மெட்ராஸுக்கு அனுப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியுமாம். பத்துப் பன்னிரண்டு நாளில் கடிதம் வரும் என்றார்.

அவ்வளவு படித்தவர் எத்தனை சாதாரணமாகத் 'தெரியாது' என்கிறார்! எனக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் செக்கிங் எனக்கு. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃப்யூஸ் கேரியர்களைச் சின்னக் குச்சியால் தட்டிப் பார்ப்பேன். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல். ஒரு நொடியில் தீர்ப்பு.

இப்போது என்னிடமிருந்து எடுத்த ஒரு துண்டு மெட்ராஸுக்குப் போகிறது. முகம் தெரியாத யாரோ ஒருவர் அதை வெங்காயத் தோல் மாதிரி சீவி, கண்ணாடியில் வைத்து, நான் இருப்பேனா மாட்டேனா என்று பார்க்கப் போகிறார். அவருக்கு நான் பாட்டிலில் ஒட்டிய ஒரு நம்பர். நினைத்தால் தூக்கம் எங்கே வரும்?

கம்பெனியில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். லீவ் லெட்டரிலேயே எழுதியிருந்தேன். ஆனால் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே... ம்ஹும்.

கேட்காவிட்டால் போகட்டும், நிம்மதியாகவாவது விட்டார்களா? டீ குடிக்கப் போனால் கூடவே ஒருவர். டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் ஒருவர். சாயந்தரம் சைக்கிளை எடுத்தால், சூளைக்குத் தீ போடும் ரஜாக் பாய் தன் சைக்கிளோடு வந்துவிடுவார். அவர் வீடு கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் வீடோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். மழை, நிலக்கரி, மச்சான் கல்யாணம் என்று என் வாசல்வரை பேசிக்கொண்டே வருவார்.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியவில்லை. வாசலில் வைத்துக் கத்திவிட்டேன். செத்துப்போவேனோ என்று தினமும் பயந்துகொண்டிருக்கிறேன், உங்களுக்கு நிலக்கரிப் பேச்சா? என்ன ஏது என்று கேட்க ஒரு ஆள் இல்லையா?

பாய் நிதானமாக ஸ்டாண்டு போட்டார்.

"கதவு அடைச்ச சூளைய என்னா ஆச்சின்னு கேக்க மாட்டோம் சார். ஆனா அதத் தனியா வுட்டுட்டும் போவ மாட்டோம். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்தான். சுடாத பச்சைச் சாமானை உள்ளே அடுக்கி, கதவைச் செங்கல்லால் அடைத்து மண் பூசிவிட்டால், எரிந்து ஆறித் திறக்கும்வரை 'எப்படி வரும்' என்று ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். எதிரே எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். மூடநம்பிக்கை என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

அதே ஆட்கள் என்னை முறைபோட்டுக் காவல் காத்திருக்கிறார்கள். டீக்கடையில், சாப்பாட்டில், பாலத்தின் மேல்... ஒரு வேளைகூடத் தனியாக விடவில்லை. கண் கலங்கிவிட்டது. உள்ளே வளர்ந்ததும் தெரியவில்லை, வெளியே நடந்ததும் தெரியவில்லை — இவன் என்ன செக்கிங் செய்கிறான், சொல்லுங்கள்?

அடுத்த நாளும் பாய் வந்தார். நிலக்கரியைப் பற்றி நானே பேச்சை ஆரம்பித்தேன்.

ஆகவே, பதினோராம் நாள் வந்த அந்தக் கவரை நேராகச் சூளைக்கு எடுத்துப்போய், அவர்கள் எதிரில்தான் பிரித்தேன். இங்கிலீஷில் நாலு வரி. புற்றுநோய் அறிகுறி இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டவும். மூன்று தடவை படித்தேன்.

ரஜாக் பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் சட்டைப் பையிலிருந்த குச்சியை எடுத்து, முதுகில் மெல்லத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"ணங்குன்னு இருக்குதுங்க சார்."

அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள் — உடம்பு எப்படி இருக்குது, வலிச்சுதா, அந்தக் குழாய் எவ்வளவு நீளம்... இன்னும் பதில் சொல்லி மாளவில்லை!