உபவாச வெள்ளியில் தவறிய மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் தேவகனி ‘டீச்சர்’. மற்ற ஆறு நாளும் அருமனைக்குப் பக்கத்தில் உள்ள அண்டி ஆபீசில் வறுத்த முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களால்தான் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் வேதாகமத்தைப் புரட்டுவார். பெருமை பிடித்த தூதன் வானத்திலிருந்து விழுந்து சாத்தானான கதையை அவர் சொல்லும்போது ஓட்டின்மேல் தென்னைமட்டை விழுந்தால்கூட அலறுவோம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று தலையில் கைவைத்து ஜெபித்தவர் அவர்தான். போன ஜூலையில் அவரே என்னைத் தேடி வந்தார்.

“மக்கா, நீ சரித்திரம் படிச்சவன்லா. இந்தச் சாத்தான் எங்கேருந்து வந்தான்?”

அவருடைய ஒரே மகன் ஜெரிஷுக்குப் பத்தொன்பது வயது. ஒரு வருடமாக வலிப்பு. காலையும் இரவும் சாப்பிட்டபின் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டு ஜெபக்குழு நடத்தும் ரப்பர் வியாபாரி ரசலையன் சொன்னதோ வேறு. பையனைப் பிடித்திருப்பது நோயல்ல, சாத்தான். மூன்று வெள்ளிக்கிழமை தாயும் மகனும் உபவாசம் இருக்க வேண்டும்.

படித்ததையெல்லாம் கொட்டினேன். ஏதேன் தோட்டத்துக் கதையில் பாம்பு வெறும் பாம்புதான், அங்கே சாத்தான் என்ற பேரே இல்லை. வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி, பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாட்டில் வருவது. பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒருவன் தலையில் சேர்த்துக் கட்டினார்கள். யோபுவின் கதையில் அவன் கடவுளின் சபையிலேயே வந்து நிற்கிறான், மனுஷன்மேல் குற்றம் சொல்லுகிற வக்கீல் மாதிரி.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்லுகது அவனுக்க பூர்வீகம். எனக்க பயலுக்க உள்ள அவன் இருக்கானா இல்லியா, அதைச் சொல்லு.”

“மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க டீச்சர்” என்றேன்.

“நிறுத்துவேனா? ரசலையன் அண்ணனும் அப்பிடிச் சொல்லல்ல.”

உண்மைதான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஜெரிஷ் சாப்பிடவில்லை. சாப்பிட்டபின் போட வேண்டிய மாத்திரை அட்டையிலேயே இருந்துவிட்டது.

மதியம் டீச்சர் வீட்டில் ஜெபக்குழு கூடியது, நானும் போயிருந்தேன். மூன்று மணிக்குப் பாட்டின் நடுவில் அவன் விழுந்தான். பல் கிட்டிக்கொண்டது, குதிகால் தரையில் அடித்தது. நான் பாய்ந்து அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். சுற்றிலும் ஒரே சத்தம்: “இறங்கிப் போ, சாத்தானே!”

ரசலையன் டீச்சரைப் பார்த்தார். “வாசல் தொறக்காம அவன் வரமாட்டான். மறைச்சு வச்ச பாவம் என்னண்ணு சொல்லு தேவகனி.”

டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “இவன் வயித்துல கெடந்தப்ப… பசி தாங்கல்ல அண்ணா. ஆபீசுல ஒரு பிடி அண்டிப்பருப்பு மடியில வச்சுத் தின்னேன். பத்தொம்பது வருசமா யாருட்டயும் சொல்லல்ல.”

“கேட்டியளா! வாசல் அதாக்கும்” என்றார் ரசலையன்.

பருப்பு தின்ற வயிற்றைப் பிடித்துக்கொண்டு டீச்சர் அழுதார். அதற்குள் ஜெரிஷுக்கு வலிப்பு அடங்கியிருந்தது. சற்று நேரத்தில் கண் திறந்தான். எல்லாரும் தன்னிடமிருந்து எட்டி நிற்பதைப் பார்த்தான்.

“அம்மா, எனக்க உள்ள யாராக்கும் இருக்கியது?”

டீச்சரின் அழுகை நின்றது. “ஆருமில்ல மக்கா. நீதான் இருக்க” என்றார். பிறகு ரசலையனிடம் திரும்பினார். “யோபுக்க பிள்ளையளு செத்தது அவருக்க பாவத்துனாலயா அண்ணா?”

“அது… சோதனைலா.”

“அங்க கடவுளுக்க முன்ன நிண்ணு குத்தம் சொன்னது யாரு?”

ரசலையன் தன் வேதாகமத்தை மூடினார். டீச்சர் அடுக்களைக்குப் போய் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தார்.

“உபவாசம் முறியும் கேட்டியா” என்றாள் ஜெபக்குழுவில் ஒருத்தி.

“முறியட்டு.”

பையன் நன்றாகத் தெளிந்து, நாலு வாய் விழுங்கும்வரை பொறுத்தார். தவறிய மாத்திரையை இப்போதே போடலாம் என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். மாத்திரையை மகன் கையில் கொடுத்துவிட்டு என்னிடம், “இனி எத்தற நேரம் பாக்கணும்?” என்றார். ராத்திரி முழுவதும் என்றேன். அவன் உதடு கோணுகிறதா என்று பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் டீச்சர் பெண்கள் பக்கம், எனக்குக் குறுக்கே ஒரு பெஞ்சு முன்னால் இருந்தார். ரசலையன் எனக்குப் பின்னால். பிரசங்கத்தின் நடுவே டீச்சர் வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டை. கறுத்த விரலால் காலியான குழிகளைத் தடவி எண்ணிப் பார்த்தார். ஆண்கள் பக்கம் திரும்பி மகனைத் தேடினார். ஜிப்பை மூடினார். அடுத்த பாட்டு முடிவதற்குள் மறுபடியும் திறந்தார்.