சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவன்

எதிரே உட்கார்ந்திருப்பவர் பேப்பரைத் தாழ்த்த வேண்டியதுதான், என் தம்பி ஆறுமுகநயினார் அவர் கண்ணை அளக்க ஆரம்பித்துவிடுவான். "எக்கா, அந்தாளுக்கு முட்டக்கண்ணு. தைராய்டாத்தான் இருக்கும்" என்று ரயில் பெட்டிக்கே கேட்கும்படி என் காதில் ரகசியம் சொல்லுவான். மாஹிமில் ஏறிய ஒருவர் இவன் பார்வையைப் பொறுக்க முடியாமல் "க்யா தேக்தா ஹை?" என்று எழுந்தே விட்டார். "பீச்சே ஸூஜன் ஹை க்யா?" என்று, கண்ணுக்குப் பின்னால் வீக்கம் உண்டா என இவன் அக்கறையாக விசாரித்தான்.

முன்பு ரயில் பட்டறையில் இருந்தான். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் செலுத்தி, சக்கர அச்சில் விரிசல் உண்டா என்று பார்க்கிற வேலை. கண்ணுக்குள் அதே ஒலியைச் செலுத்துகிற மெஷின் ஒன்று ஓர் ஆஸ்பத்திரிக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. ஓட்ட ஆள் இல்லாமல் இவனை அழைத்துக்கொண்டார்கள். "ஆக்சிலும் கண்ணும் ஒண்ணுதான்" என்பான். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் சுத்தியல் கொடுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் இவன். அதற்கு நீலம் போட்டு, விறைப்பாக இஸ்திரி போடுவது நான். அதைக் கழற்றாமல் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கி, நாலு பேர் பார்க்கட்டும் என்று தாராவி வரை நடந்தே வருவான். தோல் வியாபாரி ஜெயினுலாப்தீன், "என்ன டாக்டரே, நம்ம தோலுக்கும் ஒரு மெஷின் வைக்கக் கூடாதா?" என்பார். "வச்சிருவோம் பாய்" என்று இவன் கேலி புரியாமல் தலையாட்டுவான்.

இப்பேர்ப்பட்ட விஞ்ஞானி சாப்பிடுவது மட்டும் சுவரைப் பார்த்து. யார் கண்ணாவது பட்டுவிடுமாம். கொய்னா பூகம்பத்தில் எங்கள் சுவரில் விழுந்த கீறலை வெறித்தபடியே சோற்றை விழுங்குவான்.

பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டியின் மனைவி பூமாரிக்குத் தீபாவளியிலிருந்து கண்கள் பிதுங்கி வந்தன. தூங்கும்போதுகூட இமை மூடவில்லை. நாத்தனார் பிள்ளைத்தாச்சியாகத் தாய்வீடு வந்திருந்தாள். மாமியார் மீனாட்சியம்மாள் தண்ணீர்க் குழாயடியிலேயே தீர்ப்புச் சொன்னாள்: "முழிச்சு முழிச்சுப் பாத்தே எம்மவ வயித்த எரிச்சிருவா. இவளுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்." செல்லப்பாண்டி குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தம்பி சும்மா இருப்பானா? பூமாரியை ஆஸ்பத்திரிக்கு அழைத்தான். நானும் போனேன். வேவு பார்க்க மாமியாரும் வந்தாள். டாக்டர் சொல்ல, தம்பி பூமாரியின் மூடிய இமைமேல் பசையைத் தடவி, பென்சில் கனத்தில் ஒரு குழாயை வைத்தான். சின்னக் கண்ணாடித் திரையில் பச்சைக் கோடு மலை மலையாக எழும்பியது.

"ஒண்ணும் கேக்கலியே?" என்றாள் மாமியார்.

"நாய்க்குக்கூட கேக்காது பெரியம்மா."

டாக்டர் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதைத் தானே கண்டுபிடித்தவன்போல் தம்பி தமிழில் முழங்கினான்: "கண்ணுக்குப் பின்னால கட்டி ஒண்ணும் இல்ல. கழுத்துச் சுரப்பி பண்ணுத வேல இது. குழிக்குள்ள சதை வீங்கி, கண்ண வெளிய தள்ளுது. மருந்து சாப்பிடணும். கொள்ளிக்கண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

மீனாட்சியம்மாள் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "சரிய்யா நயினாரு. கொள்ளிக்கண்ணே இல்லேன்னா, நீ எதுக்குச் செவத்தப் பாத்துத் திங்க?"

தம்பி குழாயில் ஒட்டிய பசையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கெழம வளைகாப்பு. வந்து இவ முன்னால ஒக்காந்து தின்னு பாப்போம். அப்புறம் டிக்கெட்டக் கிழிக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டோடு வந்தான். இலையில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் விழுந்தன. பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். மீனாட்சியம்மாள் சிரித்தாள். அடுப்படி வாசலில் பூமாரி முந்தானையைப் புருவம் வரை இழுத்துவிட்டு, தரையைப் பார்த்து நின்றாள்.

தம்பி இரண்டு கையாலும் இலையைத் தூக்கினான். உட்கார்ந்தவாறே அரக்கி அரக்கித் திரும்பினான். நான் வெளுத்த கோட்டில் புளியோதரை கொட்டியது.

"மதினி, முந்தானய எடுத்துட்டு நல்லாப் பாருங்க" என்றான்.

அவள் பார்த்தாள். அவன் தன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, முதல் கவளத்தை வாயில் போட்டு விழுங்கினான். பிறகு மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தான்.