மாகிரட் ரீச்சரின் இரண்டாம் கேள்வி

"சாப்பிட்டிட்டீங்களோ?"

"ஓம்."

"என்ன கறி?"

போனில் படகு எஞ்சினின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. "சாப்பிடேல்ல!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாகிரட் ரீச்சர் மேசையை இன்னொரு சுற்றுச் சுற்றுகிறார்.

கணவர் லெஸ்லி, துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை. சீனி வருத்தக்காரர், நீரிழிவு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், கேட்டால் "ஓம்" என்பார். எதைக் கேட்டாலும் "ஓம்"தான். அதை வைத்து ஒன்றும் அறிய ஏலாது என்பதால் ரீச்சரிடம் எப்போதும் இரண்டாம் கேள்வி தயார். மீன் என்றால் "முள்ளு இருந்ததோ?", பருப்பு என்றால் "உப்புக் காணுமோ?"

உட்துறைமுக வீதி வீட்டில் நாலு கதிரைகள், நாலும் சும்மா; ரீச்சர் உட்காருவதே இல்லை. தேத்தண்ணி நின்றபடி. பிள்ளைகளின் கணிதக் கொப்பி திருத்துவது குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்து. "நான் இருந்தால் மூளையும் இருந்திடும்" என்பார். நாள் முழுக்க அவருடைய செருப்புச் சத்தம்தான் அந்த வீட்டின் மணிக்கூடு.

பாடசாலை முடிந்தால் குவாண்டம். யாராவது தெரியாத்தனமாக அதென்ன என்று கேட்டுவிட்டால் போச்சு. "ரெண்டு பெட்டி எண்டு வையுங்கோ. பாக்க ஒரே மாதிரி. ஒளித்துகள் ஒண்டை ஒரு பக்கத்தால விட்டா மற்றப் பக்கத்தால மாறி வரும். ரெண்டும் மாத்திற விதம் வேற. உங்களிட்ட ஒரு பெட்டிதான் தந்திருக்கு. எது எண்டு பிடிக்க எத்தினை தரம் விடவேணும்?" சில சோடிப் பெட்டிகளை ஆயிரம் தரம் சோதித்தாலும் நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. பிழை குறையும், ஒழியாது. அது சோதிப்பவரின் குறையல்ல, இயற்கை போட்ட எல்லை. அந்த எல்லை எங்கே என்று கணக்கிட்டு, ஆறு வருடமாக எழுதிய கட்டுரையை ரீச்சர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார்.

மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி கேட்டார்: முதல் விடையைப் பார்த்து அடுத்த துகளைத் தெரிவுசெய்தால் எல்லை மாறாதா? பதில் இன்று ஐந்து மணிக்குள். மூன்றாம் பக்கத்தில் ரீச்சர் நிறுவிக் காட்டாமலே "அதனால் பயனில்லை என்பது தெளிவு" என்று எழுதியிருந்தார். நாலு நாளாக அந்தத் "தெளிவு" அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"அப்பிடியே அனுப்பிவிடுங்கோ ரீச்சர், ஆருக்கு விளங்கப்போகுது?" என்றார் கூடப் படிப்பிக்கும் புஸ்பராணி.

"எனக்கு விளங்குமே!"

இன்று மத்தியானம் "சாப்பிடேல்ல" என்று போனை வைத்து, இரண்டாம் சுற்றில் ரீச்சர் சட்டென்று நின்றார். "அட ஆண்டவரே!" முதல் விடையைப் பார்த்து அடுத்ததைக் கேட்பதுதானே இத்தனை வருடக் குடித்தனம்? நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வரைந்தார். முதல் துகள் கொண்டுவரும் விடை, இரண்டாவதை எப்படி அனுப்பவேண்டும் என்ற பூட்டுக்குத் திறப்பாக வேலை செய்தது. மூன்று தரம் சரிபார்த்தார். மூன்று தரமும் பிழை, அவர் போட்ட எல்லைக்குக் கீழே இறங்கியது. கொஞ்சம்தான், ஆனாலும் இறங்கியது. ஆறு வருடத்தை ஒரு "என்ன கறி" கவிழ்த்துவிட்டதே என்று சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க எழுதி அனுப்பினார்: "நீங்கள் கேட்டது நியாயம். என் முடிவு பிழை. அதைப் பொய்யாக்கும் உதாரணம் இத்துடன் உள்ளது."

கொஞ்ச நேரத்தில் போன். லெஸ்லி.

"அனுப்பியாச்சோ?"

"ஓம்."

"எல்லாம் சரியோ?"

"ஓம்."

பிறகு, கலியாணம் கட்டி இருபது வருடத்தில் முதற்தடவையாக, அந்த மனுசன் ஓர் "ஓம்"ஐ நம்பாமல் இன்னொன்றும் கேட்டார்.

"அப்ப ஏன் செருப்புச் சத்தம் கேக்கேல்ல?"

மாகிரட் ரீச்சர் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து, அதில் இருந்தார்.