மூன்றாம் வகுப்பு மூன்று முறை

பத்திரிகையில் பத்தி எழுதுவதில் ஒரு வம்பு இருக்கிறது. எழுதுகிறவன் மறந்துவிடுவான். படிக்கிறவர்கள் மறக்க மாட்டார்கள்.

வங்கி வேலையில் ஐந்து வருடம் புவனேஸ்வரத்தில் இருந்ததைப் பற்றி எப்போதோ இந்தப் பக்கத்தில் எழுதினேன். போகிறபோக்கில், ‘ஒடியா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரியும் போட்டுவிட்டேன். பெருமைதான்... வேறென்ன?

மே மாதக் கடைசியில் ஒரு மாலை போன் வந்தது. பேசியவர் பெயர் காஞ்சனா. திருப்பாச்சூர் தாண்டி ஒரு கிராமத்தில், அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை.

“சார், ஒடியா எழுதுவேன்னு போட்டிருந்தீங்களே... நெஜமாவே எழுதுவீங்களா?”

பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதுவது மட்டும் கொஞ்சம் திணறல் என்று உண்மையை ஒப்புக்கொண்டேன். அது போதும் என்றார். பள்ளியில் படிக்கும் ஒடிசாப் பெண் ஒருத்திக்காக ஒரு கடிதம் எழுத வேண்டும். செங்கல் சூளையில் வேலை முடிந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் ஊருக்கு ரயில் ஏறுகிறது. நாளைக்கே வர முடியுமா?

மறுநாள் காலை திருவள்ளூர் லோக்கலைப் பிடித்தேன். ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் ஏது என்று கேட்டேன். லீவு பிள்ளைகளுக்குத்தான், தனக்கில்லை என்றார். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போகும்போதே கதையைக் கேட்டேன்.

பொங்கல் கழிந்ததும் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். கூடவே பிள்ளைகளும். மழைக்கு முன் திரும்பிப் போய்விடுவார்கள். இந்த நாலைந்து மாதத்துக்கு எந்தப் பள்ளி சேர்க்கும்? சேர்த்தாலும் எந்த வகுப்பில்?

காஞ்சனா சேர்த்துக்கொண்டார். முதலில் முணுமுணுத்தது உள்ளூர்ப் பெற்றோர்தான். பாஷை தெரியாத பிள்ளைகள் வந்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது என்று கூட்டத்தில் கேட்டார்கள். பதில் சொன்னவர் தனலட்சுமி. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. சூளைக்குப் பின்னால் அவருக்கு நெல் வயல் இருக்கிறது. காலையில் வயலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஈரச் செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவர்.

“நம்ம ஊட்டுச் செவுத்துக்கு அதுங்க கல்லு மட்டும் வேணும், நம்ம புள்ள பக்கத்துல அதுங்க குந்தக் கூடாதா? இன்னா நாயம் இது?”

அவ்வளவுதான் பேசினாராம். அதோடு விடவில்லை. சூளை மேஸ்திரியிடமும் போய் நின்று, காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முதல் இரண்டு வாரம் தானே கூட்டிக்கொண்டும் வந்தார்.

அப்படி வந்தவள்தான் ஜமுனா. பதினோரு வயது. வகுப்பறைகளைக் காட்டியதும், யாரும் சொல்லாமலே போய் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டாள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், கால் நீட்ட இடமில்லாமல் ஒரு நெட்டைப் பெண்.

கணக்குக்கு பாஷை எதற்கு? போர்டில் எழுதுவதற்குள் ஜமுனா விடை போட்டுவிடுகிறாள். நான்காம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தார் காஞ்சனா. முடித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் பின்னத்தை ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். அதையும் போட்டாள். உடனே ஐந்தாம் வகுப்புக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் தமிழ் ஓரளவு நாக்கில் ஏறிய பிறகுதான், முதல் நாள் ஏன் மூன்றாவதில் உட்கார்ந்தாய் என்று கேட்க முடிந்தது.

“மூணாவதே மூணு வாட்டி படிச்சேன் டீச்சர். எங்க போனாலும் அதுலதான் குந்த வெக்கிறாங்க.”

விஷயம் இதுதான். ஊரில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பாதியில் கிளம்பி சூளைக்கு வருவாள். திரும்பிப் போனால், இத்தனை நாள் வராததால் பெயரை அடித்திருப்பார்கள். மறுபடியும் மூன்றாவது. போன வருடம் வேறொரு ஊர்ச் சூளையில் இருந்தபோது அங்கே மூன்றாவது தேறிவிட்டதாக ஒரு சீட்டு கொடுத்தார்கள். நல்ல தமிழில். அதை ஒடிசாவில் யார் படிப்பார்கள்?

பள்ளியில் ஜமுனா தன் அம்மாவோடு காத்திருந்தாள். சூளையிலிருந்து நேராக வந்த அம்மாவின் சேலையெல்லாம் செம்மண். நான் ஒடியாவில் நலம் கேட்டதும், யாரோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டார். மகள் இனிமேல் ஊர்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். சின்னப் பிள்ளைகள் ‘அக்கா, அக்கா’ என்று கேலி செய்கிறார்களாம். இந்தத் தடவையும் மூன்றாவது என்றால் நிறுத்திவிடப் போகிறேன், அடுத்த வருடம் முழுநாளும் சூளை வேலைதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முடிந்துபோன காரியம் போலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காஞ்சனா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒடியா எழுத்துக்களெல்லாம் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் வரியை முடிக்கவே பத்து நிமிடம். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது.

“சார், இந்த எழுத்து தப்பு.”

‘ல’வுக்குப் பதில் ‘ள’ போட்டிருந்தேன். திருத்தினேன். அடுத்த வரியிலும் விரல் வந்தது. அதற்கடுத்த வரியிலும்.

தமிழ்க்காரனான எனக்கு லகர ளகரம் தகராறு என்றால் வெளியே சொல்ல முடியுமா?

காஞ்சனா என் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினார். ஜமுனாவிடம் கொடுத்தார்.

“நீயே எழுதும்மா. உனக்கு இன்னா இன்னா தெரியுமோ, அத்தனையும் எழுது.”

முக்கால் மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள். முடித்ததும் நான் வாங்கி, டீச்சருக்குத் தமிழில் சொன்னேன். பெரிய வகுத்தல் தெரியும், பின்னம் தெரியும், தமிழ் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் கொஞ்சம்தான் என்றெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். கடைசி வரி இது: ‘மூன்றாம் வகுப்புப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அதனால் அந்த இடத்தை வேறு ஒரு குழந்தைக்குக் கொடுங்கள்.’

காஞ்சனா அந்த வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்புறம் கீழே கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை குத்தி, தன் போன் நம்பரையும் எழுதினார். கணக்குத் தாள்கள், டி.சி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பைலில் வைத்துக் கட்டினார்.

அத்தோடு நான் கிளம்பியிருக்கலாம். காஞ்சனா விடவில்லை. புவனேஸ்வரத்தில் என் பழைய சகாக்களைக் கேட்டு, ஜமுனாவின் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரின் நம்பரைப் பிடிக்க வைத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். மனிதர் தன்மையானவர்தான். ஆனால் தயங்கினார். ஐந்தே மாதத்தில் ஒரு பெண் மூன்றாவதிலிருந்து ஐந்தாவது பாஸா? எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. நானே அந்த நாற்காலியில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

காஞ்சனா என்னிடம் சொன்னார். “ஒரு மணி நேரம் அவளுக்குப் பரீட்சை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க சார். தேறலைன்னா மூணாவதுலயே போடட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

எனக்கு அதை மொழிபெயர்க்க மனம் வரவில்லை. இருந்த ஒரே வாசலையும் நாமே சாத்துவதா? ஜமுனாவைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்பது போல அவள் தலையை ஆட்டினாள். சொன்னேன். அவர் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள்.

ஜூன் மூன்றாவது வாரம் அந்தத் தலைமை ஆசிரியரே போன் செய்தார். பரீட்சை வைத்திருக்கிறார். கணக்கில் ஒரு தப்புகூட இல்லை. ஒடியாவும் பிழையில்லை. இங்கிலீஷில்தான் தடுமாறினாள். ஆறாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். சூளையிலிருந்து திரும்பிய வேறு மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு அதே மாதிரி பரீட்சை வைத்தாராம். அவர்களில் இரண்டு பேர் மேல்வகுப்புக்குப் போனார்கள். இத்தனை வருடம் இதைச் செய்யத் தோன்றவில்லையே என்று அவர் சொன்னபோது, போனில் முகம் தெரியாவிட்டாலும் அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது. தப்பை இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

உடனே காஞ்சனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்: “இங்கிலீஷ்ல எதுல தடுமாறினாளாம் சார்?”

உலகம் முழுக்கக் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறார்கள். மாநாடு, டேப்லெட், ஸ்மார்ட் கிளாஸ்... எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிழைப்புக்காக இடம் மாறும் பிள்ளைகள் எந்த நாட்டிலும் இரண்டு ரெஜிஸ்டர்களுக்கு நடுவில்தான் தொலைகிறார்கள். இந்தப் பக்கமும் பெயர் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. உனக்கு என்ன தெரியும் என்று குழந்தையையே கேட்க ஒரு பெரியவர் போதும். இந்தக் கதையில் கேட்க இரண்டு தலைமை ஆசிரியர்கள், கூட்டிக்கொண்டு வரத் தனலட்சுமி என்று மூன்று பேர் இருந்தார்கள்.

இதைப் பத்தியில் எழுதலாமா என்று காஞ்சனாவிடம் அனுமதி கேட்டேன். தன்னைப் பற்றி ரொம்பப் போட வேண்டாம் என்றார். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தார்.

“சூளைக்கு மட்டுமில்ல சார், கும்மிடிப்பூண்டி கம்பெனிங்களுக்கும் வருசம் பூரா ஆளுங்க வந்துகினே இருக்காங்க. எந்த மாசத்துல வந்தாலும் பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளியில புள்ளையைச் சேர்க்கலாம், பேப்பர் இல்லைன்னாலும் கூட்டினு வரலாம்னு போடுங்க.”

போட்டுவிட்டேன் டீச்சர்.