சட்டம் படிக்கப் போன அக்கா

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக் கப்பலில், சட்டக் கல்லூரி முதலாண்டில் சேரப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் படுக்கையில் இருந்த மாயாபந்தர் ஊர்க்கார அக்காவும் அதற்குத்தான் போகிறார் என்றதும் ஆச்சரியமாக இருந்தது. ஐம்பதை நெருங்கிய வயது, காதோரம் நரை. சட்டப் புத்தகம் படிக்கும்போது அடிக்கடி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொள்வார்.

மகள் லாரி மோதி இறந்த வழக்கில் டிரைவருக்கு விடுதலை கிடைத்துவிட்டதை அவரே சொன்னார்.

"அப்பீல் பண்ணத்தான் படிக்கிறீங்களாக்கா?"

"இல்ல தம்பி, கேஸ் கதம், முடிஞ்சுபோச்சு. கோர்ட்ல நாள் பூரா என் பிள்ளையைப் பத்தித்தான் பேசுனாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. அதையாச்சும் புரிஞ்சுக்கணும்ல?"

பிறகு புத்தகத்தில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"நெக்லிஜன்ஸ். இதைத்தான் அங்க திரும்பத் திரும்பச் சொன்னாங்க. என்னா அர்த்தம் தம்பி?"

கவனக்குறைவு என்று வாயால் சொல்லாமல், அந்தச் சொல்லின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன்.