சங்கத்துப் பந்தியில் கத்தரிக்காய்

எங்கள் பக்கம் காய்கறி போடுகிற எல்லோருக்கும் தோட்டத்து ஓரத்தில் ஒரு வீட்டுப் பாத்தி உண்டு. அதில் மருந்து அடிக்க மாட்டோம். பூச்சி தின்றது போக மிஞ்சுவது வீட்டுச் சமையலுக்கு. மற்ற பாத்திகளில் பளபளவென்று காய்ப்பது லோடு ஏறி மதுரைக்குப் போய்விடும். இதை யாரும் வெளியே பேசுவதில்லை. மருந்தடித்தால் ஒரு வாரம் காய் பறிக்கக் கூடாது என்று எங்கள் விவசாயிகள் சங்கத்தில் மாதாமாதம் சொல்வார்கள். நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டிவிட்டு வருவோம்.

இந்த வருடம் சங்கக் கூட்டத்தைப் பந்தல்குடி மண்டபத்தில் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கூடை கத்தரிக்காய் கொண்டுவர வேண்டும் என்று பேச்சு. நான் வீட்டுப் பாத்தியில்தான் கத்தரிக்காய் பறித்தேன். கூட்டத்துக்கு என் மகளும் கூட வந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். மசக்கையில் சுருண்டு கிடந்தவளுக்கு இப்போதுதான் சாப்பாடு இறங்குகிறது.

சமையற்கட்டில் என் சொத்தைக் காய்களைப் பார்த்துச் சமையல்காரர் முகம் சுளித்தார். மற்றவர்கள் கூடையில் ஒரு காயில்கூட ஓட்டை இல்லை. மருந்தடித்த கையோடு பறித்ததோ என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. சங்கத்து விருந்துக்குமா அப்படிச் செய்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பந்தியில் கத்தரிக்காய்க் கூட்டு வாளி என் கைக்கு வந்தது. முதல் வரிசையில் விருந்தாளிகளோடு மகள் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எதிர் வரிசை முழுக்கச் சங்கத்து ஆட்கள். தொடக்கத்திலேயே இருந்த தலைவர் இலைக்கு மேல் கையை விரித்தார்.

"எனக்கு வேணாம் தாயி. வயிறு சரியில்ல."

அடுத்தவருக்கு உடம்பில் அரிப்பாம். அதற்கடுத்தவர் ரசம் போதும் என்றார், கத்தரிக்காய் விற்றே மாடி வீடு கட்டியவர். வரிசை முடியும்வரை ஒரு கரண்டிகூட விழவில்லை. அவரவர் எந்தப் பாத்தியில் பறித்தார்கள் என்று அவரவருக்குத் தெரியும். எல்லாம் ஒரே அண்டாவில் வெந்தது.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் போடு."

மகளின் இலை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. நான் நகரவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏப்பா, அந்தப் புள்ளைக்கு ரசத்த ஊத்துங்க."

அவள் எதிர் வரிசை இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏன் பெரியப்பா, நீங்க யாருமே காயத் தொடலையே?"

தலைவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அவள் இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.