ஸ்டார்ட் ஆகும்போது காற்று நிற்கும்

விமான இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் நான் வாயாலேயே செய்துகாட்டுவேன். முதலில் மெல்லிய ஊளை. அது விடாமல் மேலே ஏறும். ஏறிக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் தட்டுவது போல ஒரு 'பும்'. உள்ளே எரிபொருள் பற்றிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு ஊளையும் உறுமலும் சேர்ந்து ஒரே சீரான இரைச்சலாகும். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் படித்தபோது ஹாஸ்டலில் எனக்கு இதனால் தனி மரியாதை இருந்தது. மெஸ்ஸில் சாம்பார் வாளி வர நேரமானால், "என்னாடி, இன்னும் ஸ்டார்ட் ஆவலியா?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

இத்தனைக்கும் நான் ஒரு விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. எங்கள் லேபில் பக்கவாட்டில் அறுத்து, சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த ஒரு மாடல் இன்ஜின் இருந்தது. விரலால் தள்ளினால் அதன் விசிறி சுற்றும், சத்தம் வராது. சத்தத்தைக் கீழவீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அங்கிருந்த அண்ணனைக் கெஞ்சி அதை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். எல்லாரும் காதல் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்தபோது எனக்குப் போன் வந்தால் விமானம் கிளம்பும்.

படிப்பு முடிந்தது 2009-இல். கேம்பஸில் கிடைத்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் 'பிறகு சொல்கிறோம்' என்று பதில் வந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் மும்பையில் விமான இன்ஜின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் டிரெயினி வேலை வந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்து இருக்கிற ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனில் பேசிய அம்மாள் சொன்னார். புரிந்ததா என்று கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வேலை போனால் திரும்பி வந்து என்ன செய்வேன் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனியே எனக்கு டிக்கெட் அனுப்பியது. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால், அப்பாவுக்கும் மாமா ஒரு டிக்கெட் எடுத்துத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மதிய விமானம். அப்பா எங்கள் ஊரான குடிகாட்டை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். டிரம் உருட்டுவது, குழாய் கழுவுவது, எது சொன்னாலும் செய்வார். எனக்கிருந்த கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். விமானச் சத்தத்தில் பதறி எழுந்து மானத்தை வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். அதனால் கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"பெரிய இன்ஜின் தானா சுத்தாதுப்பா. நம்ம ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டு சுத்துவாங்கல்ல, அந்த மாதிரி யாராவது சுத்திவுடணும்."

"அவ்ளோ பெருச எவன் சுத்துவான்?"

"காத்து சுத்தும். வால்ல ஒரு குட்டி இன்ஜின் ஓடிக்கினே இருக்கும். அது காத்த அமுக்கிக் குழாய்ல அனுப்பும். அந்தக் காத்துதான் பெரிய இன்ஜின சுத்திவுடும். நல்லா வேகம் புடிச்சப்புறம் எண்ணெய வுட்டு, பொறி வைப்பாங்க."

"வேகம் வர்றதுக்கு முன்னால வுட்டா?"

"சூடு ஜாஸ்தியாயி உள்ள எல்லாம் வெந்துபூடும்."

அப்பா தலையாட்டினார். போனில் இருந்த சத்தத்தை அவர் காதில் வைத்தேன். புதுச்சேரி தாண்டும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார். 'பும்' வரும் இடத்தில் சரியாக என் முழங்காலைத் தட்டினார். முன்சீட்டு ஆள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. இனி இவர் பயப்பட மாட்டார் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

விமானத்தில் ஜன்னலோரம் அப்பா, நடுவில் நான், ஓரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை பால் குடித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருந்தது. ஏர்ஹோஸ்டஸ் கொடுத்த சின்னத் தண்ணீர் பாட்டிலை அப்பா பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலைக்கு மேலே ஓட்டைகளிலிருந்து குளிர்ந்த காற்று புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அவருக்கு வியர்த்ததால் என்னுடையதையும் அவர் பக்கமே திருப்பிவிட்டேன். ஒரு வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளியது. "இப்பதான்ப்பா, கவனி" என்றேன். இத்தனை வருஷமாகக் காத்திருந்த சத்தம்.

காற்று நின்றது.

மேலே வந்துகொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுபோனது. விளக்கு ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது. அதுவரை இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. அந்த அமைதிக்குள் மண்ணெண்ணெய் கருகுவது போல ஒரு நாற்றம் மெதுவாக வந்தது. தூரத்தில் ஊளை ஏற ஆரம்பித்தது. அதை நான் கேட்கவில்லை.

எனக்கு நினைவு வந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். பெல்ட்டை எப்போது கழற்றினேன் என்று தெரியாது. துப்பட்டா தண்ணீரில் நனைந்து என் மூக்கையும் வாயையும் சுற்றி இறுகியிருந்தது. பாட்டில் காலியாகக் கீழே உருண்டது. கண் தன்பாட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தேடியது. அப்பாவும் எழுந்திருந்தார். தோள் துண்டை நனைத்து, எனக்குக் குறுக்கே எட்டி, அந்தப் பெண்ணின் குழந்தை முகத்தில் போட்டு அமுக்கிப் பிடித்திருந்தார். அவள் அலறினாள்.

குடிகாட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. பக்கத்து ஆலையில் ஒரு பெரிய புளோவர் விசிறி ராப்பகலாக ஓடும். புகையைக் கழுவி வெளியே தள்ளுவது அதன் வேலை. அது நின்றால் கழுவாத வாயு அப்படியே ஊருக்குள் வரும். ஆகவே சத்தம் நின்றால் கையில் இருக்கும் துணியை நனைத்து மூக்கில் கட்டு, பக்கத்தில் யார் வீட்டுக் குழந்தை இருந்தாலும் அதற்கு முதலில் கட்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே நட. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கைக்குட்டையைப் பானையில் முக்கிக்கொண்டு வரிசையாக வெளியே போவோம், அரை மணி கழித்து வந்து மீதிக் கணக்கைப் போடுவோம். மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரிதான் அது எங்களுக்கு. நாலு வருஷம் சிதம்பரத்தில் இருந்ததில் அதை மறந்தேவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

ஏர்ஹோஸ்டஸ் ஓடி வந்தாள். "சார், கையை எடுங்க. உட்காருங்க."

"காத்து நின்னு போச்சும்மா. நாத்தம் வருது. சனங்கள எறக்கிவுடு, சீக்கிரம்" என்றார் அப்பா. குரலில் பதற்றமே இல்லை. எல்லாருடைய நல்லதுக்கும்தான் சொன்னார்.

"அது நார்மல் சார். இன்ஜின் ஸ்டார்ட் பண்றப்ப ஏசி காத்து நிக்கும். அப்புறம் வரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டி இன்ஜின் அனுப்புகிற காற்றுதான் பெரிய இன்ஜினைச் சுற்றும் என்று பஸ்ஸில் பாடம் நடத்தியவள் நான். தலைக்கு மேலே வந்துகொண்டிருந்ததும் அதே காற்றுதான். ஸ்டார்ட் செய்யும்போது இங்கே மூடி அங்கே திருப்புகிறார்கள். வெளியே கிடக்கிற புகையைக் குட்டி இன்ஜின் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டால் நாற்றம் வரும். இதற்குப் படிப்புகூட வேண்டாம், ஐந்து நிமிஷம் யோசித்தால் போதும். என் புத்தகத்தில் இன்ஜின் ஒரு பாடம், பயணிகளுக்கான காற்று இன்னொரு பாடம். இரண்டையும் தனித்தனியாகப் படித்து மார்க் வாங்கியிருந்தேன். போனில் இருந்ததோ வெளியே நின்று பதிவு செய்த சத்தம். உள்ளே இருப்பவனுக்குக் காற்று நிற்கும் என்று அது எப்படிச் சொல்லும்?

ஏர்ஹோஸ்டஸ் முன்னால் போய்ப் போனில் பேசினாள். கொஞ்ச நேரத்தில் ஊளை இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி, இல்லாமலே போனது. இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். என்னால் நிறுத்திவிட்டார்கள்.

விமானத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். கதவு திறந்தது. யூனிபார்ம் போட்ட ஓர் ஆள் உள்ளே வந்து, எங்கள் பை எது என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ "இறக்கிவிடுங்க சார் முதல்ல" என்றார்கள். நாளைக் காலையில் நான் அங்கே இல்லாவிட்டால் வேறு ஆள் என்று இரண்டு தடவை சொன்ன குரல் என் காதுக்குள்ளேயே ஒலித்தது. "நான் மும்பையில விமான இன்ஜின் ஒர்க்‌ஷாப்ல சேரப் போறேன்" என்று எப்படியோ சொன்னேன். முகத்தில் ஈரத் துப்பட்டாவோடு. நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

கேப்டனே வெளியே வந்தார். வடக்கத்தி மனிதர். நான் ஊரைப் பற்றி, புளோவரைப் பற்றி, ஈரத்துணியைப் பற்றித் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு குழந்தையோடு இருந்த பெண்ணிடம் திரும்பி, இவர்கள் தொட்டது உங்கள் குழந்தையை, நீங்கள் பயப்படுவதாக இருந்தால் இவர்களை இறக்கிவிடுகிறேன் என்றார். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையாட்டினால் என் வேலை போய்விடும்.

அவள் நேராக அப்பாவைக் கேட்டாள். தமிழில்தான்.

"உங்க மூக்குல கட்டிக்க வேண்டியதுதானே? என் குழந்தை மேல ஏன் போட்டீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சின்ன மூச்சு மொதல்ல பூடும்மா. எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். தவழக்கூட இல்ல. வாயு ஊருக்குள்ள வந்த அன்னிக்கு எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. நாங்க மூக்கப் பொத்திக்கினு அவனத் தோள்ல போட்டுக்கினு ஓடனோம். வாய்க்காத் தாண்டி எறக்கிப் பாத்தா மூச்சில்ல. அதுக்கப்புறந்தான் எங்கூர்ல எல்லாரும் மொதல்ல கொழந்தைக்குக் கட்டுறது."

எனக்கு ஓர் அண்ணன் பிறந்து இறந்தான் என்பது தெரியும். ஜுரத்தில் போனான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா அப்படித்தான் சொன்னாள், மாமா அப்படித்தான் சொன்னார், அக்கம்பக்கத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். தலையில் இடி விழுந்தது மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகச் சின்னப் பிள்ளைகள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிவிட்ட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் குழந்தையின் ஈர முகத்தைத் துடைத்தாள். பிறகு கேப்டனிடம், "வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். துண்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கேப்டன் மைக்கில், இப்போது சிறிது நேரம் காற்று நிற்கும், பயப்பட வேண்டாம் என்று அறிவித்தார். நின்றது. அதே நாற்றம் வந்தது. விமானம் நிறைய ஜனங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு, போனை அணைத்துக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. காற்று நின்றால் ஓட வேண்டும் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் அதைக் கற்றுக்கொண்டுதான் வளர்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. எங்களுக்கு மட்டும்தான்.

அப்பா இரண்டு கையாலும் சீட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். இன்ஜின் பற்றிக்கொண்டது. காற்று திரும்ப வந்தது.

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சொன்னா நீ அந்த ஊட்ல தூங்குவியா?"